போனில் திறக்கிற கார்டு லேப்டாப்பில் மட்டும் ஏன் திறக்கவில்லை?

கேள்வி, 7 ஜூன்

போனில் இருந்த 64 ஜிபி மைக்ரோ எஸ்டி கார்டைக் கழற்றி, அடாப்டரில் வைத்து லேப்டாப்பில் செருகினேன். 'டிங்' என்று சத்தம் வருகிறது, ஆனால் எந்த டிரைவும் தெரியவில்லை. திரும்பவும் போனில் போட்டால் படம், வீடியோ எல்லாம் அப்படியே இருக்கிறது. ஆகவே கார்டு நல்ல கார்டு, கோளாறு லேப்டாப்பில்தான். ரீடரின் டிரைவரை நீக்கிவிட்டு மறுபடி போட்டும் பார்த்தாயிற்று. விண்டோஸையே புதிதாகப் போட்டுவிடலாமா?

7 ஜூன், இரவு 9.50

வேண்டாம். விண்டோஸை அப்படியே விடுங்கள். ஒரே ஒரு விஷயத்தைப் பார்த்துச் சொன்னால் போதும்: கார்டின் அளவை விண்டோஸ் எவ்வளவு என்று காட்டுகிறது?

ஸ்டார்ட் பட்டன் மேல் ரைட் கிளிக் செய்தால் வரும் பட்டியலில் டிஸ்க் மேனேஜ்மெண்ட் இருக்கும். அதன் கீழ்ப்பாதியில் ஒவ்வொரு டிஸ்குக்கும் ஒரு பட்டை. கார்டு செருகியிருக்கும்போது அங்கே என்ன தெரிகிறது என்பதைப் பொறுத்துத்தான் மற்றதெல்லாம். பட்டையே வரவில்லை, அல்லது 'நோ மீடியா' என்று மட்டும் இருக்கிறது என்றால் கார்டுக்கும் ரீடருக்கும் பேச்சே தொடங்கவில்லை. ஸ்லாட், அடாப்டர், கார்டின் பின்பக்க உலோகத் தகடுகள், உள்ளே இருந்து கார்டை நிர்வகிக்கும் கன்ட்ரோலர் சிப் என்று அந்தப் பக்கம் தேட வேண்டும். அளவு சரியாகத் தெரிந்து டிரைவ் எழுத்து மட்டும் இல்லையென்றால் இணைப்பில் குறையில்லை. உள்ளே எழுதியிருப்பதைத்தான் விண்டோஸால் படிக்க முடியவில்லை. அப்போது துடைப்பதும் ஊதுவதும் வீண் வேலை. அளவே கன்னாபின்னாவென்று, 64 ஜிபி கார்டு வெறும் சில எம்பி என்று காட்டினால் கன்ட்ரோலர் குழம்பிவிட்டது. அது கெட்ட செய்தி.

64 என்பது 59 சொச்சமாகத் தெரிந்தால் பதற வேண்டாம். கார்டு தயாரிப்பவர்களுக்கு ஒரு ஜிபி என்பது நூறு கோடி பைட். விண்டோஸுக்கு 107 கோடியே சொச்சம்.

7 ஜூன், இரவு 10.15

'டிங்' சத்தத்தை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். சில லேப்டாப்களில் கார்டு இல்லாதபோது ரீடரே தூங்கிக்கொண்டிருக்கும். கார்டு நுழைந்ததும் ரீடர் விழிப்பதற்கே அந்தச் சத்தம் வந்துவிடும். கார்டைப் படித்துவிட்டது என்று அதற்குப் பொருள் இல்லை.

8 ஜூன், காலை

கேட்டவர் இன்னும் பதில் சொல்லவில்லை. அதற்குள் கார்டின் தகடுகளை அழிரப்பரால் தேய்க்கச் சொல்லி மூன்று பேர் வந்தாயிற்று. அழிரப்பர் தகட்டைப் பளபளவென்று ஆக்கும், உண்மைதான். கூடவே துகளையும் விட்டுவிட்டுப் போகும். அந்தத் துகள் போய் உட்காருமிடம் ஸ்லாட்டின் உள்பக்கம், நம் விரல் போகாத இடம். ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்ட, பஞ்சு உதிராத துணியால் ஒரு துடைப்பு போதும். நன்றாகக் காய்ந்த பிறகு செருகுங்கள்.

நான் கார்டைவிட அடாப்டரைத்தான் முதலில் சந்தேகப்படுவேன். அந்த பிளாஸ்டிக் ஓட்டுக்குள் சிப் எதுவும் கிடையாது, வெறும் உலோகப் பட்டைகள்தான். மைக்ரோ எஸ்டியின் எட்டுத் தகடுகளையும் பெரிய கார்டின் ஒன்பது தகடுகளோடு கோத்துவிடுவதே அதன் முழு வேலை. பட்டைகளின் வளைவு தளர்ந்துவிட்டால் தொடும், தொடாது, தொடும். என்னிடம் ஓர் அடாப்டர் இருந்தது. செருகிவிட்டு ஓரத்தை விரலால் லேசாக அழுத்தினால் கார்டு வரும், விரலை எடுத்தால் பாதிக் காப்பியில் நின்றுவிடும். அதை வைத்துக்கொண்டு கார்டைத் திட்டிக்கொண்டிருந்தார்கள் வீட்டில். அடாப்டர் இல்லாமல் மைக்ரோ எஸ்டியை நேராகச் செருகுகிற யூஎஸ்பி ரீடர் ஒன்று கையில் இருந்தால், பாதிச் சந்தேகம் அங்கேயே தீரும்.

8 ஜூன், காலை, சற்று நேரம் கழித்து

அடாப்டரின் பக்கவாட்டில் உள்ள லாக் குமிழால் கார்டு படிக்காமல் போகுமா என்று கேட்டவருக்கு: அது எழுதுவதைத் தடுக்க மட்டும்தான், படிப்பதை ஒருபோதும் தடுக்காது. இன்னொன்று, அந்தக் குமிழ் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது கார்டுக்கே தெரியாது. ரீடரின் ஸ்லாட்டில் உள்ள சின்ன சுவிட்ச் அதைத் தொட்டுப் பார்த்துச் சொல்கிறது, அவ்வளவுதான். ஆகவே ஒரு ரீடர் 'ரைட் புரொடெக்டட்' (எழுத முடியாது) என்று சொல்லும், இன்னொன்று தாராளமாக எழுதவிடும். குமிழ் உடைந்து விழுந்த கார்டை லாக் ஆனதாகவே பல ரீடர்கள் எடுத்துக்கொள்ளும். அந்தப் பள்ளத்தில் செல்லோடேப் துண்டு ஒட்டிச் சமாளிப்பவர்கள் உண்டு. நானும் ஒட்டியிருக்கிறேன். ஸ்லாட்டுக்குள் டேப் உரிந்து நிற்கும் என்று சொல்பவர்கள் சொல்வதும் சரிதான்.

8 ஜூன், இரவு

லேப்டாப் பழையது என்று இப்போதுதான் சொல்கிறார். அப்படியானால் கார்டின் முகத்தில் எஸ்டி என்ற எழுத்துக்குப் பக்கத்தில் ஹெச்சி இருக்கிறதா, எக்ஸ்சி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெயர் ஒட்டு இல்லாத பழைய எஸ்டி 2 ஜிபி வரை. 2006இல் வந்த எஸ்டிஹெச்சி 32 ஜிபி வரை. 2009இல் வந்த எஸ்டிஎக்ஸ்சி 2 டிபி வரை. 64 என்றால் எக்ஸ்சி.

முதல் தாவல்தான் நிஜமான பள்ளம். பழைய எஸ்டியில் ரீடர் ஒவ்வொரு பைட்டாக முகவரி கொடுத்துக் கேட்கும். ஹெச்சியில் 512 பைட் கொண்ட தொகுதிகளாகக் கேட்க வேண்டும். அந்தக் கணக்கு தெரியாத ரீடர் ஹெச்சி கார்டைச் செருகினால் விழிக்கும். துளை ஒன்றுதான், கார்டும் கச்சிதமாகப் போய் உட்காரும், ஆனால் பேச்சு புரியாது. 32க்கு மேல் போகும் இரண்டாவது தாவலில் முகவரிக் கணக்கு மாறவில்லை. அங்கே மாறியது ஃபைல் சிஸ்டம், அதாவது கோப்புகளைக் கார்டில் அடுக்கிவைக்கும் முறை: ஹெச்சிக்கு ஃபேட்32, எக்ஸ்சிக்கு எக்ஸ்ஃபேட். விண்டோஸ் எக்ஸ்பிக்கு அதற்கென்று தனி அப்டேட் போட வேண்டியிருந்தது, விஸ்டாவுக்கு முதல் சர்வீஸ் பேக்கில் வந்தது, மேக்கில் 10.6.5இல்; லினக்ஸின் மையப் பகுதியான கர்னலுக்குள் 2019இல், 5.4 பதிப்பில்தான் வந்து சேர்ந்தது. என் பழைய லேப்டாப் 64 ஜிபி கார்டை ஏறெடுத்தும் பார்க்காது. அதே கார்டை வேறொரு கம்ப்யூட்டரில் ஃபேட்32 ஆக ஃபார்மேட் செய்து கொண்டுவந்தபோது மறுபேச்சில்லாமல் படித்தது. வன்பொருள் என்று நாம் நினைப்பதில் பாதி இப்படி மென்பொருளாக இருக்கும்.

(இதைப் படித்துவிட்டு யாரும் படங்கள் உள்ள கார்டை ஃபார்மேட் செய்து பார்க்காதீர்கள். என் கார்டு காலி.)

9 ஜூன், காலை

பதில் வந்துவிட்டது, நான் நேற்று எழுதிய எதுவும் இவருக்குப் பொருந்தவில்லை. டிஸ்க் மேனேஜ்மெண்டில் கார்டு தெரிகிறதாம். ஒரே பட்டையில் இரண்டு துண்டுகள்: முதலாவது 16 எம்பி, அடுத்தது 59 ஜிபி சொச்சம். இரண்டுக்கும் டிரைவ் எழுத்து இல்லை. ரைட் கிளிக் செய்தால் 'டிலீட் வால்யூம்' தவிர எல்லாம் மங்கலாக இருக்கிறது. "டிலீட் செய்துவிட்டுப் புதிதாகப் பார்ட்டிஷன் போடட்டுமா?" என்கிறார்.

கையை எடுங்கள் முதலில். மவுஸிலிருந்துதான்.

அந்த 16 எம்பிதான் துப்பு. கார்டை முதன்முதலில் போனில் போட்டபோது, போட்டோ வைக்கிற சாதாரணச் சேமிப்பாக வேண்டுமா, போனின் இன்டர்னல் ஸ்டோரேஜோடு சேர்த்துவிடவா என்று ஒரு கேள்வி வந்திருக்கும். இடம் அதிகமாகக் கிடைக்குமே என்று இரண்டாவதைத் தட்டியிருப்பீர்கள். 2015இல் ஆண்ட்ராய்டு 6.0இல் வந்த வசதி அது. எல்லாத் தயாரிப்பாளர்களும் தங்கள் போன்களில் அதைத் திறந்துவிடவில்லை. அதைத் தேர்ந்தெடுத்தால் ஆண்ட்ராய்டு கார்டை முழுக்க அழித்து, தலைப்பில் சின்னதாக ஒரு 16 எம்பி பகுதியை ஒதுக்கி, மீதி முழுவதையும் மறையாக்கம் செய்து வைத்துக்கொள்ளும். அதைத் திறக்கும் சாவி அந்த ஒரு போனுக்குள் மட்டும் இருக்கிறது. லேப்டாப் என்ன, உங்கள் பக்கத்திலிருப்பவரின் போனில் போட்டாலும் அது திறக்காது.

லேப்டாப்பில் ஒரு குறையும் இல்லை. ரீடர் சரி, அடாப்டர் சரி, கார்டு சரி. 59 ஜிபி என்று ஒழுங்காக அளந்து காட்டியிருக்கிறது பாவம்.

9 ஜூன், மாலை

"போனில் திறக்கிறது, ஆகவே லேப்டாப்தான் கெட்டது" என்பதைக் கொஞ்சம் யோசித்துப் பார்த்தேன். கேட்டவரை மட்டும் சொல்லவில்லை, இதே வாதத்தை எல்லோரும் வைக்கிறோம். போனில் திறந்தால் கார்டின் சிப் உயிரோடு இருக்கிறது என்பது உறுதி. அதற்கு மேல் எதுவும் உறுதி இல்லை. போனுக்குப் புரிகிற எழுத்து விண்டோஸுக்குப் புரிய வேண்டும் என்று கட்டாயம் கிடையாது. எதிர்ப்பக்கமும் அப்படியே: லேப்டாப்பில் விண்டோஸின் என்டிஎஃப்எஸ் ஃபைல் சிஸ்டத்தில் ஃபார்மேட் செய்த கார்டைப் பல போன்களும் கேமராக்களும் சீந்தாது. கார்டு எதில் வேலை செய்யப்போகிறதோ அதிலேயே ஃபார்மேட் செய்யுங்கள் என்று சொல்வது இதற்காகத்தான்.

ரெக்கவரி மென்பொருள் போட்டுப் பார்க்கலாமே என்று கேட்டவருக்கு: இந்தக் கார்டில் பிரயோஜனம் இல்லை. மறையாக்கம் செய்த தரவில் தேடுவதற்கு எதுவும் அகப்படாது. அதைவிட முக்கியம், இதற்கிடையில் போனை ஃபேக்டரி ரீசெட் செய்துவிடாதீர்கள். சாவி போய்விடும், கார்டில் உள்ளது நிரந்தரமாகப் போய்விடும்.

10 ஜூன், காலை

இதே மாதிரிதான், ஆனால் ஃபார்மேட் கேட்கிறது என்று வேறொருவர். கார்டு ராஸ்பெர்ரி பை என்ற குட்டி லினக்ஸ் கம்ப்யூட்டரிலிருந்து வந்ததாம். அதற்கு இவ்வளவு பேச்சு தேவையில்லை. முதல் பகுதி ஃபேட், அது விண்டோஸில் சின்ன டிரைவாகத் திறக்கும். இரண்டாவது பகுதி லினக்ஸின் இஎக்ஸ்டி4, விண்டோஸுக்கு அது தெரியாது, ஆகவே ஃபார்மேட் செய்யவா என்று கேட்கிறது. கேன்சல். முன்பெல்லாம் கழற்றக்கூடிய கார்டுகளில் விண்டோஸ் முதல் பகுதியைத் தவிர வேறு எதையும் டிரைவாக எடுக்காது. விண்டோஸ் 10இன் 1703 பதிப்புக்குப் பிறகுதான் மற்றவற்றையும் எடுக்க ஆரம்பித்தது. அதிலிருந்துதான் இந்த 'ஃபார்மேட் செய்யவா' தொல்லையும் கூடியது.

10 ஜூன், இரவு

கேமரா கார்டு 'ரா' (எந்த ஃபைல் சிஸ்டம் என்று விண்டோஸுக்குப் புரியவில்லை) என்று காட்டுகிறது, உள்ளே பயணப் படங்கள், விண்டோஸின் டிஸ்க் பழுதுபார்க்கும் கருவியான செக்டிஸ்க்கை ஓட்டலாமா என்று மூன்றாவது ஒருவர். இதை நிதானமாகச் சொல்ல வேண்டும்.

ஓட்டாதீர்கள். செக்டிஸ்க்கின் அக்கறை ஃபைல் சிஸ்டத்தை ஒழுங்குபடுத்துவதில்தான் இருக்கிறது, உங்கள் படங்களில் இல்லை. கணக்கில் ஒட்டாத துண்டுகளை வெட்டி எண் போட்ட சிஹெச்கே கோப்புகளாகக் குவித்துவிட்டு, எல்லாம் சரி என்று சொல்லிவிடும். அது கார்டிலேயே எழுதுகிறது என்பதுதான் பயம். நோயாளி கார்டில் ஓர் எழுத்துகூட எழுதக் கூடாது.

முதலில் கார்டை அப்படியே ஒரு இமேஜாக, அதாவது முழுக் கார்டின் அச்சு நகலாக ஒரே கோப்பில், எடுத்துவிடுங்கள். லினக்ஸ் தெரிந்தவர் யாராவது இருந்தால் டிடிரெஸ்க்யூ என்ற மென்பொருள். அதன் அழகு என்னவென்றால், படிக்க முரண்டு பிடிக்கிற இடத்தில் முட்டிக்கொண்டு நிற்காது. நல்ல பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு, எங்கே தடுக்கியது என்று ஒரு பட்டியலில் குறித்துவைத்து, கடைசியாகத் திரும்பி வந்து அந்த இடங்களைச் சுரண்டும். பாதியில் கார்டு செத்துவிட்டாலும் அதுவரை வந்தது கையில் இருக்கும். அப்புறம் அந்த இமேஜ் மேல் ஃபோட்டோரெக் என்ற மீட்பு மென்பொருள். பெயரைப் பார்த்துப் படங்கள் மட்டும் என்று நினைக்காதீர்கள், வீடியோ, ஆவணம் எல்லாம் எடுக்கும். ஃபைல் சிஸ்டத்தை அது பார்ப்பதே இல்லை. ஒவ்வொரு வகைக் கோப்பும் எப்படித் தொடங்கும் என்று வைத்துக்கொண்டு தேடும். ஜேபெக் என்றால் எஃப்எஃப், டி8 என்ற இரண்டு பைட்டில் தொடங்கும், அங்கிருந்து பிடித்து இழுக்கும். பழைய பெயர், ஃபோல்டர் எதுவும் வராது. எஃப் என்று ஆரம்பித்து நீள எண்ணோடு கோப்புகள் வந்து விழும், தேதி பார்த்து நீங்களேதான் பிரிக்க வேண்டும். துண்டு துண்டாக எழுதப்பட்ட வீடியோக்கள் பாதியில் உடைந்து வரலாம்.

லினக்ஸில் கர்னல் பதிவைப் பார்த்து 'எர்ரர் -110' என்று வருகிறதென்றால் கார்டு பதிலே சொல்லாமல் நேரம் தாண்டிவிட்டது என்று பொருள். அப்போது இமேஜும் வராது. ரீடரை மாற்றிப் பாருங்கள். அதற்கும் அதே பதில் என்றால் மென்பொருளால் ஆக வேண்டியது முடிந்தது. அந்தப் படங்களுக்கு எவ்வளவு செலவழிக்கத் தயார் என்பதுதான் மிச்சமிருக்கிற கேள்வி.

11 ஜூன்

அழித்த கோப்புகள் திரும்பி வருகின்றன, பேய் பிடித்திருக்கிறதா என்று கேட்டவருக்கு மட்டும். பிடித்திருக்கிறது. தரவைச் சேமிக்கும் ஃப்ளாஷ் சிப் தேய்ந்து போனதும் சில கன்ட்ரோலர்கள் எழுதுவதை நிறுத்திவிடும், ஆனால் அதை வெளியே சொல்லாது. நீங்கள் ஃபார்மேட் அடிப்பீர்கள், 'முடிந்தது' என்று வரும், காலியாகக்கூடக் காட்டும். காட்டுவது கம்ப்யூட்டரின் நினைவில் இருப்பதை. கழற்றிச் செருகினால் பழையதெல்லாம் வரிசையாக நிற்கும். எனக்கு இப்படி ஒரு கார்டு வாய்த்தது. எத்தனை விதமான ஃபார்மேட் மென்பொருள் உண்டோ அத்தனையும் போட்டுப் பார்த்தேன், அசையவில்லை. இதில் ஒரு நன்மை உண்டு, உள்ளே இருப்பதை நிம்மதியாகக் காப்பி எடுக்கலாம். எடுத்துவிட்டு உடைத்துப் போடுங்கள். அழிக்க முடியாத கார்டை முழுசாகத் தூக்கிப் போட்டால் உங்கள் படங்களையும் சேர்த்துத்தான் போடுகிறீர்கள்.

இதோடு குழப்பிக்கொள்ளும் இன்னொன்று போலிக் கார்டு. ஓட்டில் ஒரு பெரிய எண், உள்ளே அதில் ஒரு பங்குகூட இருக்காது. அளவு சரியாகத் தெரியும், கொஞ்ச நாள் நன்றாகவும் ஓடும். நிஜ இடம் தீர்ந்ததும் புதுக் கோப்புகள் பழையவற்றின் மேல் ஏறும், அல்லது காற்றில் போகும். ஆக, முதல் நாள் நான் சொன்ன 'அளவு சரி என்றால் இணைப்பில் குறையில்லை' என்பது சரி, 'அளவு சரி என்றால் கார்டு சரி' என்று அதை நீட்டிக்கொள்ளக் கூடாது. விண்டோஸில் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸிலும் மேக்கிலும் எஃப்3. இரண்டும் கார்டை விளிம்பு வரை நிரப்பி, எழுதியதையே திரும்பப் படித்துச் சரிபார்க்கும். நேரம் பிடிக்கும். புதுக் கார்டு வாங்கியதும், அதில் ஒன்றும் இல்லாதபோதே செய்ய வேண்டியது.

11 ஜூன், இரவு

ஆண்ட்ராய்டுக்கு முந்தைய சிம்பியன் காலத்து போனிலிருந்து எடுத்த கார்டு எதிலும் திறக்கவில்லை என்பவர்: அந்தப் போனில் கார்டுக்குக் கடவுச்சொல் போட்டிருந்தீர்களா? எஸ்டி தரத்திலேயே கார்டைக் கடவுச்சொல்லால் பூட்டும் கட்டளை உண்டு. கம்ப்யூட்டர் ரீடர்கள் பெரும்பாலும் கடவுச்சொல் கேட்கத் தெரியாதவை, செத்த கார்டு போலவே காட்டும். அந்தப் போனைத் தூசி தட்டி எழுப்ப முடியுமா பாருங்கள்.

12 ஜூன்

முதல் நண்பர் போனிலேயே கார்டை வைத்து, கேபிளில் லேப்டாப்போடு இணைத்திருக்கிறார். போன் சார்ஜ் ஆகிறதாம், லேப்டாப்பில் ஒன்றும் வரவில்லையாம். "நான் சொன்னேனே, லேப்டாப்தான்!" என்கிறார். விட மாட்டார்.

கேபிளை மாற்றுங்கள். மின்சாரம் போகும் கம்பிகள் மட்டும் வைத்த கேபிள்கள் இருக்கின்றன, தரவுக் கம்பியே உள்ளே இருக்காது. வெளியே பார்த்தால் வித்தியாசம் தெரியாது. கேபிள் சரியாக இருந்தாலும், போனைப் பூட்டுத் திறந்து, மேலிருந்து இழுத்தால் வரும் அறிவிப்பில் ஃபைல் டிரான்ஸ்ஃபர் என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆண்ட்ராய்டு தானாகச் சார்ஜில் மட்டும்தான் நிற்கும். அப்புறம் கேமரா படங்கள் இருக்கும் டிசிஐஎம் ஃபோல்டரைத் திறந்து, மொத்தமாக இழுக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகக் காப்பி செய்யுங்கள். நடுவில் அறுந்தால் எதுவரை வந்தது என்று தேடி அலைவது பெரிய பாடு. 'கட்' வேண்டாம், 'காப்பி'.

14 ஜூன்

கேபிள் மாற்றியதும் வந்துவிட்டதாம். எல்லாம் இறங்கிவிட்டது, கோப்புகளைத் திறந்தும் பார்த்துவிட்டார்.

இனி செய்ய வேண்டியது: கார்டுக்கு நகர்ந்திருக்கும் ஆப்கள் ஏதாவது இருந்தால் முதலில் அவற்றைப் போனின் உள்சேமிப்புக்குத் திருப்புங்கள். அப்புறம் செட்டிங்ஸில் ஸ்டோரேஜ், அதில் கார்டைத் தட்டி, போர்ட்டபிள் ஸ்டோரேஜாக ஃபார்மேட். கார்டில் இருப்பது அத்தனையும் அழியும், காப்பி இருக்கிறது என்று இன்னொரு தரம் பார்த்துக்கொள்ளுங்கள். அது எக்ஸ்ஃபேட் அல்லது ஃபேட்32 ஆக மாறி, லேப்டாப்பில் எழுத்தோடு வரும். உங்கள் விண்டோஸ் இரண்டையும் படிக்கும். போனில் இடம் குறைந்துவிட்டதே என்று பழையபடி இன்டர்னலோடு சேர்க்கத் தோன்றினால், சேருங்கள், தப்பில்லை. ஆனால் அந்தக் கார்டைக் கழற்றி வேறெதிலும் போடலாம் என்ற நினைப்பை விட்டுவிடுங்கள்.

14 ஜூன், இரவு

ஃபார்மேட் ஆயிற்று, லேப்டாப்பில் எஃப் டிரைவாக வந்துவிட்டது என்கிறார். கூடவே, நீக்கிய ரீடர் டிரைவரை மறுபடி தேடிப் போட வேண்டுமா என்று ஒரு கேள்வி. கார்டு படிக்கிறதல்லவா, பின்னே எதற்கு?